அந்த ‘வெறும்’ எதற்கு?

கேள்வி: 2021 தேர்தலில் மொடக்குறிச்சியில் சுப்புலட்சுமி ஜெகதீசன் வெறும் 281 வாக்குகளில்தான் தோற்றார். மாநில அமைச்சர், மத்திய அமைச்சர் என்று எல்லாம் பார்த்தவரின் தேர்தல் வாழ்க்கை அப்படி முடிந்தது நியாயமா?
– ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ‘வெறும்’ எங்கேயிருந்து வந்தது? தேர்தல் முடிவு எழுதும் ஒவ்வொருவரும் தோற்றவர் தலையில் இந்த வார்த்தையைக் கவிழ்க்கிறார்கள். ஜெயித்தவருக்கு யாரும் போடுவதில்லை. 1980ல் அண்ணா நகரில் கருணாநிதி டாக்டர் ஹண்டேயை ஜெயித்தது 699 ஓட்டில். 1991ல் துறைமுகத்தில் 890. அண்ணா நகரில் ஒரு 350 பேர் அந்தப் பக்கம் குத்தாமல் இந்தப் பக்கம் குத்தியிருந்தால் ‘13 முறை நின்றார், 13 முறையும் ஜெயித்தார்’ என்று இன்றைக்கு எந்த மேடையிலும் சொல்ல முடியாது. ஆனாலும் அதை ‘வெறும் 699’ என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை.

சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். பா.ஜ.க.வின் டாக்டர் சரஸ்வதி 78,125. சுப்புலட்சுமி 77,844. வித்தியாசம் 281 என்றால் மாறிக் குத்தியிருக்க வேண்டியது 141 பேர். ஈரோட்டுப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காருகிற கூட்டம். சாம்பார் வருவதற்குள் முடிந்துபோகிற விஷயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 141 பேரைத் தேடிப் பிடிப்பதற்குப் பெயர்தான் தேர்தல்.

இவரும் அந்த ஊருக்குப் புதுசு இல்லை. 1977ல் இதே மொடக்குறிச்சியில் அ.தி.மு.க. சார்பில் ஜெயித்து எம்.ஜி.ஆர். அமைச்சரவைக்குப் போனவர். அப்புறம் தி.மு.க.வுக்கு வந்து 1989ல் ஈரோட்டில் ஜெயித்து கருணாநிதி அமைச்சரவை. இரண்டு பேரிடமும் அமைச்சராக இருந்தவர்கள் பட்டியல் ஒன்றும் நீளமில்லை. 2004ல் திருச்செங்கோடு மக்களவைத் தொகுதியில் ஜெயித்து மன்மோகன் சிங் அரசில் இணை அமைச்சர். அன்றைக்கு அவரிடம் தோற்றவர் யார் தெரியுமோ? எடப்பாடி பழனிசாமி. 17 வருஷம் கழித்து அதே பழனிசாமி முதல்வராக உட்கார்ந்து நடத்திய கூட்டணியில்தான் சரஸ்வதி நின்றார். தி.மு.க. பத்து வருஷம் கழித்து ஆட்சியைப் பிடித்த தேர்தலில் கட்சியின் துணைப் பொதுச்செயலாளரான இவர் தோற்று வீட்டுக்குப் போனார். அடுத்த வருஷம் கட்சியிலிருந்தும் விலகிவிட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

நடுவில் 1996ஐ விட்டுவிட்டேன். வேண்டுமென்றேதான் விட்டேன், ஏனென்றால் எனக்கு மொடக்குறிச்சி என்றாலே அந்த வருஷம்தான்.

தங்கள் குறைகளை எவரும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்று விவசாயிகள் கொத்துக் கொத்தாக மனுத் தாக்கல் செய்தார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். ஓட்டுச் சீட்டு சீட்டாக இல்லை, புத்தகமாக அச்சாகி வந்தது. அதை மடித்துப் போட ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெட்டி. கையில் ரப்பர் முத்திரையை வைத்துக்கொண்டு, மை காய்வதற்குள் பக்கம் பக்கமாகப் புரட்டி உதயசூரியனைத் தேடும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். பாட்டிகள் தேடிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். சுப்புலட்சுமி ஏறத்தாழ 40 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த முடிவில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. வெறும் பூஜ்யம். பார்த்தீர்களா, ‘வெறும்’ இங்கேதான் பொருந்துகிறது! அதாவது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளவில்லை. பல வருஷமாக இது என்னைக் குடைகிறது. பக்கத்துத் தொகுதியில் ஓட்டு இருந்திருக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ அவர்களில் ஒருவர் உள்ளே போய் அந்தப் புத்தகத்தைத் திறந்து, தன் பெயரைத் தேடி, தன் பெயரிலேயே இன்னும் ஏழெட்டுப் பேரைப் பார்த்து, தனக்குக் கொடுத்த சின்னம் அலமாரியா ஏணியா என்பதையும் மறந்து, வெளியே வரிசையில் நிற்கிற பெரியப்பா ‘என்னடா, உள்ளே பரீட்சையா எழுதுறே?’ என்று கத்த, கைக்கு வந்த பக்கத்தில் குத்திவிட்டு வந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. இன்னும் 158 பேருக்குத் தலைக்கு ஒரே ஓட்டு. இவர்கள் நிலைமை இன்னும் மோசம். அந்த ஒன்று தன்னுடையது என்றால் வீட்டில் யாரும் போடவில்லை. வீட்டுக்காரம்மா போட்டது என்றால் இவர் யாருக்குப் போட்டார்? முடிவு வந்த அன்று ராத்திரி அந்த 158 வீடுகளிலும் சோறு எப்படிப் பரிமாறப்பட்டது என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, எங்கள் பத்திரிகை உட்பட.

சிரித்தாயிற்று. டெல்லி சிரிக்கவில்லை. மொடக்குறிச்சியையும், அதே வருஷம் மக்களவைக்கு 480 பேர் நின்ற நல்கொண்டாவையும் பார்த்துப் பயந்து, சில மாதங்களிலேயே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250லிருந்து 5,000 ஆனது, இப்போது 10,000. சுயேச்சை என்றால் முன்மொழிய பத்துப் பேர் வேண்டும். விவசாயி கேட்டது என்ன, கிடைத்தது என்ன! குறையைச் சொல்ல வந்தவனிடம் மைக் வாடகையை ஏற்றிவிட்டார்கள். கோடி கோடியாகச் செலவழிக்கிற வேட்பாளருக்குப் பத்தாயிரம் டீச் செலவு. இதை இந்தப் பக்கத்தில் எத்தனையாவது முறையாகச் சொல்கிறேன் என்று உதவி ஆசிரியர் விரல் விட்டுக் காட்டுகிறார். இன்னும் சொல்வேன்.

மறந்துவிட்டேன், நியாயமா என்று கேட்டீர்கள். 40 ஆயிரத்தில் ஜெயித்தவருக்கு ஐந்து வருஷம் கொடுத்தார்கள், 281ல் ஜெயித்தவருக்கும் அதே ஐந்து வருஷம். சட்டமன்ற நாற்காலியில் எத்தனை ஓட்டில் வந்தார் என்று எழுதி ஒட்டுவதில்லை. இவர் தோற்றார், சரஸ்வதி ஜெயித்தார், அவ்வளவுதான்.

அப்புறம், ‘வாக்கு என்று எழுதுங்கள், ஓட்டு என்பது தமிழில்லை’ என்று மாதம் தவறாமல் கார்டு போடும் பல்லாவரத்து அன்பருக்கு: இந்தப் பதிலில் எத்தனை ‘ஓட்டு’ என்று நான் எண்ணவில்லை. நீங்கள் எண்ணுவீர்கள். ஒன்று கூடக் குறைய வந்தால் மறு எண்ணிக்கைக்கு மனுக் கொடுங்கள், டெபாசிட் வேண்டாம்.