முந்நூறு ரூபாய்க்கு ஒரு விடுப்புச் சீட்டு

கேள்வி: அண்ணாச்சி, எனக்குத் தாமிரபரணியின் கன்னடியன் கால் பாசனத்தில், கடைமடையில் ஒரு கோட்டை விதைப்பாடு நிலம். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்குமுன் எங்கள் கிளை வாய்க்காலை ஊரே சேர்ந்து வெட்டிச் சுத்தம் செய்வது வழக்கம். மொத்தம் 62 வீடு. போன வருஷம் 40 பேர் வந்தார்கள். மீதிப் பேரையும் வரவைக்க, இந்த வருஷம் வராத வீட்டுக்கு 300 ரூபாய் அபராதம் என்று தீர்மானம் போட்டோம். வந்ததோ 26 பேர்தான். மற்றவர்கள் "இந்தா பிடி" என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். தலைமடைக்காரர் ஒருவர் பெயரைக் கோயில் மைக்கில் வாசித்தோம். அன்று ராத்திரியே நடுமடையில் தண்ணீரை அடைக்கிற பலகையைக் காணோம். அடுத்த வருஷம் அபராதத்தை ஆயிரமாக்குவதா, வராதவர் மடையை அடைப்பதா?
- கடைமடைக்காரன், வீரவநல்லூர் பக்கம்

பதில்: தம்பி, ரெண்டுமே வேண்டாம். உங்கள் ஊரில் நடந்தது முன்பே இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் நடந்திருக்கிறது. அங்கே வாய்க்கால் இல்லை, குழந்தைகள் காப்பகம். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பெற்றோர் நேரம் கழித்து வருவார்கள், டீச்சரம்மா காத்துக் கிடப்பார். உரி நீசி, ஆல்டோ ருஸ்திச்சினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பத்துக் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, ஆறில் மட்டும், பத்து நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் 10 ஷெக்கல் அபராதம் என்று வைத்துப் பார்த்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானார்கள். 'பாவம், டீச்சரம்மா காத்திருப்பாங்களே' என்ற கூச்சம் இருந்த இடத்தில் ஒரு விலைப்பட்டியல் வந்து உட்கார்ந்துவிட்டது. பிற்பாடு அபராதத்தை எடுத்தும் பார்த்தார்கள். போன கூச்சம் திரும்பி வரவில்லை. 2000ல் வந்த கட்டுரை இது.

இடுப்பளவு சேற்றில் நின்று அமலைச் செடியை இழுக்கிற வேலைக்கு முந்நூறு ரூபாய்க்கு எந்த ஆள் வருவான், சொல்லுங்கள்? நீங்கள் போட்டது அபராதம் இல்லை, மலிவான விடுப்புச் சீட்டு. போன வருஷம் சும்மா கூப்பிட்டதற்கே வந்தவர்களில் குறைந்தது 14 பேர் இந்த வருஷம் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள். எனக்கு உறுத்துவது அந்தப் பதினாலு பேர்தான். என்றைக்கும் வராதவரை விடுங்கள்.

அப்படியானால் தண்டனையே கூடாதா என்றால், அதுவும் இல்லை. எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கெக்டர் என்ற இருவர் சுவிட்சர்லாந்தில் மாணவர்களை வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார்கள். நம் கணக்கில் சொன்னால், நாலு பேர், ஆளுக்கு 20 ரூபாய். பொதுவில் ஒருவர் ஒரு ரூபாய் போட்டால், போட்டவர் போடாதவர் எல்லாருக்கும் 40 காசு கிடைக்கும். நாலு பேரும் முழுசாகப் போட்டால் ஆளுக்கு 32 ரூபாய். ஆனால் நான் மட்டும் போடாமல் இருந்தால், என் இருபதும் பத்திரம், மற்ற மூன்று பேர் போட்டதில் 24ம் கிடைக்கும், ஆக 44. உங்கள் வாய்க்கால்தான் இது! சுற்றுக்குச் சுற்று போடுகிற பணம் குறைந்துகொண்டே வந்தது. தன் கைக்காசு ஒரு ரூபாயை இழந்து, போடாதவரிடமிருந்து மூன்று ரூபாயைப் பிடுங்கலாம் என்று விதியை மாற்றியதும் நிலவரம் தலைகீழானது. ஒரு முறை சேர்ந்து ஆடியவரை மறுபடி பார்க்கவே போவதில்லை என்று தெரிந்தும், சொந்தக் காசை இழந்து தண்டித்தார்கள். ஏமாற்றுகிறவன்மேல் மனுஷனுக்கு வருகிற கோபம் அப்படி.

சரி, இதை மட்டும் படித்திருந்தால் நானும் ஆயிரம் என்றே சொல்லியிருப்பேன். பிற்பாடு கெக்டரும் வேறு இருவரும் இதே விளையாட்டை 16 நகரங்களில் நடத்தி, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். ஏதென்ஸ், மஸ்கட் போன்ற சில ஊர்களில், தண்டனை வாங்கியவர்கள் திருந்தவில்லை. ஒழுங்காகப் பணம் போட்டவர்களையே திருப்பித் தண்டித்தார்கள். 'நீ யாருடே என்னைச் சொல்ல?' என்கிற குணம். உங்கள் நடுமடைப் பலகை அந்தக் கணக்கில்தான் போயிருக்கிறது. மடையை அடைக்கலாம் என்கிறீர்களே, தண்ணீர் அவர் வயலைத் தாண்டித்தான் உங்கள் வயலுக்கு வர வேண்டும். கடைமடைக்காரன் தலைமடைக்காரனோடு பலகைச் சண்டைக்குப் போகலாமா?

எங்கள் ஊரில் நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு ஏற்பாடு உண்டு. வாய்க்கால் நெடுக ஒரு மூங்கில் கழியால் அளந்து, நிலத்துக்குத் தக்கபடி வீட்டுக்கு இத்தனை கழி என்று பங்கு பிரித்து, எல்லைக்கு எல்லை ஆவாரங்குச்சி நட்டுவிடுவார்கள். சாயங்காலம் கரையில் நடந்து போனால் சவரம் பண்ணின கன்னம்போல வாய்க்கால் பளிச்சென்று கிடக்கும், நடுவில் ஒரே ஒரு துண்டு மட்டும் புல்லும் பூண்டுமாக நிற்கும். யார் பங்கு என்று ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். மறுநாள் விடியுமுன்னே மம்பட்டிச் சத்தம் கேட்கும். அதற்கும் மசியாதவர் சாஸ்தா கோயிலுக்கு ஒரு படி எண்ணெய் கொடுக்க வேண்டும். எண்ணெய் பெரிய காசில்லை. அதைத் தெரு வழியாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், அதுதான் சங்கதி.

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரே சேர்ந்து வாய்க்கால் வெட்டுகிற இந்த வழக்கத்தைக் குடிமராமத்து என்று இன்றைக்குப் பெருமையாகப் பேசுகிறோம். வேலைக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858ல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. நிலக்காரர் குடை பிடித்துக் கரையில் நிற்க, நிலமில்லாதவர் சேற்றில் நின்ற கதையும் நம் ஊர்களில் உண்டு. அந்தப் பாகம் நமக்கு வேண்டாம், ஆவாரங்குச்சி மட்டும் போதும்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் முழுக்க இப்படிப்பட்ட வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி ஏற்பாடுகளை ஆராய்ந்து 2009ல் பொருளாதார நோபல் வாங்கினார். அந்தப் பரிசு வாங்கிய முதல் பெண். நீண்ட காலம் நிலைத்த ஊர்களில் அவர் கண்டது: விதியை வைத்தவர்களும் கண்காணித்தவர்களும் அந்தப் பாசனக்காரர்களே. முதல் தப்புக்குத் தண்டனை மிகச் சின்னது, திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஏறும். ஸ்பெயினில் வலென்சியா நகரத்தில் இன்றும் வியாழக்கிழமைதோறும் தேவாலய வாசலில் விவசாயிகளே உட்கார்ந்து தண்ணீர் வழக்கு தீர்க்கிறார்கள். விசாரணை எல்லாம் வாய்மொழியாகத்தான்.

அதனால் தம்பி, அடுத்த ஆவணியில் கூட்டம் போடும்போது ரூபாயைப் பேசாமல், கழியை எடுங்கள். பங்கு பிரிக்கிற அன்று தலைமடைக்காரர்களும் கூட வரட்டும், அளப்பதில் அவர்கள் கையும் இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் மழை ஊற்றும்போது கீழே அடைத்துக்கொண்டால் கரை உடைவது மேலேதான், மண் விழுவது அவர்கள் வயலில்தான். இதை மைக்கில் சொல்ல வேண்டாம், கரையில் நின்று காட்டுங்கள். கோயில் மைக்கில் பெயர் வாசித்த யோசனை யாருடையதோ, அவரைக் கொஞ்ச நாள் மைக் பக்கம் விடாதீர்கள்.

வெளியூரில் இருக்கிறவர்கள், ஆண் துணை இல்லாத வீடுகள், முடியாதவர்கள் இருப்பார்கள். பம்பாயில் கடை வைத்திருப்பவரை மம்பட்டியோடு வா என்றால் நடக்காது. அவரிடம் முழு ஆள் கூலி வாங்குங்கள், நோட்டில் 'கூலி' என்றே எழுதுங்கள். அபராதம் என்ற சொல் அவர் பக்கத்தில் வரக் கூடாது. முடியாதவர் பங்கை ஊர் சேர்ந்து வெட்டிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கையில் 36 வீட்டுப் பணம், 10,800 ரூபாய் இருக்கிறது. புதுப் பலகை போட்டது போக மிச்சத்தில், அடுத்த வருஷம் வெட்டு முடிகிற அன்று கரையிலேயே கூட்டாஞ்சோறு ஆக்குங்கள், முருங்கைக்கீரை தாராளமாகப் போட்டு. பலகையை யார் எடுத்தது என்று விசாரணை வேண்டாம், ஊருக்கே தெரிந்த விஷயம்தானே. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். "அண்ணாச்சி, நடுமடைக்குப் பலகை ஒன்று அடிக்கணும், ஆசாரிட்ட அளவு சொல்லி வாங்கிட்டு வந்துருங்க" என்று பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். தேக்கில் அடிக்கச் சொல்லுங்கள், மலிவு மரம் தண்ணீரில் ரெண்டு போகம் தாங்காது.