எந்தக் கல், எந்தக் கருவி? கல்லில் சில்லெடுத்துக் கற்காலக் கருவி செய்யப் பழகுவோரின் கேள்விகள்

கேள்வி: சிக்கிமுக்கிக் கல் கிடைக்கவில்லை. வேறு எதில் பழகலாம்?

கண்ணாடியில். தடித்த பாட்டிலின் அடிப்பாகமே போதும். அடித்தால் சிப்பி ஓடு போல வளைந்து உடையும் பொருள்தான் இதற்கு வேண்டும். கண்ணாடி, அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி), செர்ட், ஜாஸ்பர் (இரண்டும் சிக்கிமுக்கியின் இனம்) எல்லாம் அந்த ரகம். கிரானைட்டும் மணற்கல்லும் ஆகாது. அப்சிடியன் சொன்னபடி கேட்கும், ஆனால் சட்டென்று முறியும். செர்ட் முரண்டு பிடிக்கும், விளிம்பு உழைக்கும். டஃபன்டு கண்ணாடியைத் தொடாதீர்கள், மொத்தமாக நொறுங்கிவிடும்.

கேள்வி: கல் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

விரல் நுனியில் லேசாகப் பிடித்துச் சிறு கல்லால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

கேள்வி: செர்ட்டைச் சூடாக்கினால் எளிதாக உடையுமாமே?

பல வகைகளில் உண்மைதான். தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயின்டில் சுமார் 72,000 ஆண்டுகளுக்கு முன்பே சில்கிரீட் என்ற, சிலிக்காவால் இறுகிய கல்லைச் சூடாக்கியிருக்கிறார்கள். ஆனால் 200 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரை மெதுவாக ஏற்றி, மெதுவாகவே ஆறவிட வேண்டும். ஈரம் இருந்தால் கல் வெடிக்கும். இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: முழுக் கருவித் தொகுப்பு வாங்கட்டுமா?

தேவையில்லை. கைக்கு அடங்கும் உருண்டைக் கல் ஒன்று, மரப்பிடியில் செருகிய தடித்த செம்புக் கம்பி, தொடைமேல் போட தடித்த தோல், சொரசொரப்பான சாணைக்கல் துண்டு. இவ்வளவுதான். பெரிய சில்லைக் கல்லால் அடித்து எடுக்க வேண்டும். சிறு சில்லைச் செம்பு முனையால் அழுத்தி எடுக்க வேண்டும்.

இதில் எல்லோரும் அலட்சியப்படுத்துவது சாணைக்கல்லைத்தான். கூரான விளிம்பில் நேராக அடித்தால் விளிம்பு பொடியும், விசை கல்லுக்குள் போகாது. முதலில் விளிம்பை உரசி மழுக்க வேண்டும். அப்புறம் பாருங்கள், சில்லு நீளமாக வரும். விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு பலமாக அடித்தும் பயனில்லை. ‘என் செம்புக் கம்பி சரியில்லை’ என்று எழுதுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, விளிம்பை உரசினீர்களா என்றுதான்.

கேள்வி: திறந்த வெளியில்தான் உட்காருகிறேன். முகமூடி அவசியமா?

அவசியம். கல் உடையும்போது பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும், அதைக் குணப்படுத்த முடியாது. துணி முகமூடி போதாது, என்95 அணியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கேள்வி: மிஞ்சும் சில்லுகளை என்ன செய்வது?

தார்ப்பாய் விரித்து அதன்மேல் வேலை செய்தால் அள்ளுவது சுலபம். புதைப்பதானால் கூடவே ஒரு புதிய நாணயத்தையும் போடுங்கள். பின்னாளில் தோண்டும் தொல்லியலாளர் குழம்ப மாட்டார்.