தங்கைக்கு மதுரையில் தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. சேரும் முன்னே ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை எல்லாம் கேட்கிறார்களே, எதற்கு?

கேட்காத ஆஸ்பத்திரியாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நான் மதுரையில் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ். புதிதாகச் சேருகிறவர்களிடம் இந்த அட்டையைக் கேட்டு நச்சரிப்பதே என் வேலையில் பாதி.

முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலை ஷிப்ட் மாறும் நேரம். ஹவுஸ்கீப்பிங் அக்கா மருத்துவக் கழிவு போடும் மஞ்சள் கவரைக் கட்டும்போது, உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் துளைத்து ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. ஊசி வெள்ளை டப்பாவுக்குப் போக வேண்டியது; எந்தப் புண்ணியவானோ கவரில் போட்டிருக்கிறார். கையுறையில் ரத்தப் பொட்டைப் பார்த்து நான்தான் கேட்டேன். அதற்குள் அக்கா விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த கவருக்குப் போயிருந்தார். "முள்ளுக் குத்துனாப்புலதான தாயி, இதுக்குப் போயி..."

குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவ வைத்தேன். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது. அந்த வார்டில் ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவி ஈரலைத் தாக்கும் தொற்று) நோயாளி ஒருவர் இருந்தார். அக்காவின் ஃபைலைத் தேடினால், ஃபைலே இல்லை. நர்ஸ்களுக்கெல்லாம் இருந்தது, அவர் காண்ட்ராக்ட் ஆளாம். கழிவைத் தொடுகிற எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும், சேரும்போதும் வருஷம் ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது 2016 மருத்துவக் கழிவு விதி. ஊசி காண்ட்ராக்ட் பார்த்தா குத்தும்?

அன்றைக்கே ஒரு கையில் இம்யூனோகுளோபுலின் (உடனே காக்கும் எதிர்ப்புச் சக்தி ஊசி), மறு கையில் தடுப்பூசி. 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது. ஆறு மாசம் கழித்து நெகட்டிவ் வந்தது. அதுவரை பேத்திக்குச் சோறு ஊட்டவே இல்லையாம். அதில் பரவாது என்று நான் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை.

தங்கை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ் போட்டிருந்தாலும் (0, 1, 6 மாதம்) அதோடு விடாதீர்கள். கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாசம் கழித்து டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்க்கணும். 10க்குக் கீழே இருந்தால் தடுப்பூசி பிடிக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி போடணும். ரிப்போர்ட்டில் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும், அடுத்த ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள். எக்ஸ்ரே டிபிக்காக. ஆனால் அன்று நன்றாக இருந்த நெஞ்சு அடுத்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு வாரம் இருமல் நின்றபாடில்லை என்றால் லீவு போகுமே என்று மறைக்காமல் சளிப் பரிசோதனை கொடுக்கச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தால்தான் வேலை என்றால் மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டாம். 2017 எச்.ஐ.வி. சட்டப்படி அப்படி நிபந்தனை வைக்கக் கூடாது.

சேருகிற அன்றே ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தினால் யாருக்குப் போன் பண்ண வேண்டும்? எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதுதான் நல்லது. விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.