டென்னிஸில் வேகமாக அடித்தால் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடித்த கைப் பக்கத்து அடி) பேஸ்லைனை, அதாவது எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போகிறதா?

கை வலுவைக் குறைக்க வேண்டாம், பந்தை இன்னும் முன்னால் தொடுங்கள். உடம்புக்குப் பக்கத்தில் வந்த பிறகு தொட்டால் மட்டையின் முகம் வானத்தைப் பார்க்கும். பந்தும் அங்கேதான் போகும். பெரும்பாலும் தோளைத் தாமதமாகத் திருப்புவதுதான் காரணம். பந்து உங்கள் பக்கம் குத்துவதற்குள் தோள் திரும்பியிருக்கணும்.

சோதிக்க: பந்தை நீங்களே கீழே போட்டு, அதே வேகத்தில் பத்துப் பந்து அடியுங்கள். உள்ளே விழுந்தால் வீச்சில் கோளாறில்லை, தயாராகும் நேரத்தில்தான்.

நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்த்துப் பிடி கையில் திரும்பினாலும் இதே கதைதான். (காலாங்கில் ஒரு மாதம் வீச்சையே திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பிடிமேல் சுற்றும் பட்டையான ஓவர்கிரிப் தேய்ந்திருந்தது!)

மட்டையைப் பிடிக்கும் முறையையே மாற்றினால் சில வாரம் ஆட்டம் கெடும். முழங்கை வலித்தால் நிறுத்திவிடுங்கள்.