சிங்கிங் பவுலும் டங் டிரமும்: சேர்த்து வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: வீட்டு மாடியில் பெண்களுக்கு யோகா வகுப்பு எடுக்கிறேன். கடைசிப் பதினைந்து நிமிடம் எல்லோரையும் சவாசனத்தில் படுக்கவைத்து, சிங்கிங் பவுலும் டங் டிரமும் வாசிக்க ஆசை. ஒரு கடையில் 'சவுண்ட் ஹீலிங் செட்' என்று விற்கிறார்கள். ஏழு சக்கரத்துக்கு ஏழு கிண்ணம், கூடவே எட்டு நாக்குள்ள ஸ்டீல் டங் டிரம், எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். கிண்ணங்கள் 432 ஹெர்ட்ஸில் சுருதி சேர்த்தவையாம். வாங்கலாமா?
- கோவை வாசகி

பதில்: செட்டாக வாங்காதீர்கள். சிங்கிங் பவுல் என்பது தட்டினால் நெடுநேரம் ரீங்கரிக்கும் உலோகக் கிண்ணம். டங் டிரம் என்பது மேல் தகட்டில் நாக்கு மாதிரி பட்டைகள் வெட்டிய ஸ்டீல் கருவி, ஒவ்வொரு நாக்கும் ஒரு சுரம். இந்த இரண்டு கருவிகளும் சேர்ந்து ஒலித்தால் இதமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிண்ணம் தம்புரா மாதிரி பின்னால் நீண்டு ஒலிக்க, அதன் மேல் டிரம்மை மெல்லத் தட்டினால் படுத்திருப்பவர்களின் மூச்சே நிதானமாகிவிடும். ஆனால் அதற்குச் சுருதி சேர வேண்டும். உங்களுக்குக் காட்டிய செட்டில் அது சேராமல் போக இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் சுரங்கள். எட்டு நாக்கு டிரம்களில் பெரும்பாலானவை ஐந்து சுர அமைப்பில் வருகின்றன. 'சி மேஜர் பென்டாடானிக்' என்று போட்டிருந்தால் அது நம் மோகனம். ச ரி க ப த மட்டும். 'ஏ மைனர் பென்டாடானிக்' என்றால் சுத்த தன்யாசி. எந்த நாக்கை எந்த வரிசையில் தட்டினாலும் அபசுரம் தட்டாது என்பதால்தான் சங்கீதம் படிக்காதவர்களும் இதைத் தைரியமாக வாசிக்கிறார்கள். ஆனால் சக்கர செட்டில் வரும் ஏழு கிண்ணங்கள் சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்று ஏழு சுரங்கள், அதாவது சங்கராபரணம். மோகனத்தில் மத்யமமும் ('எஃப்') நிஷாதமும் ('பி') கிடையாது. நீங்கள் மத்யமக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு, அது ஒரு நிமிடம் ரீங்கரிக்கும்போது டிரம்மில் காந்தாரத்தைத் தொட்டால், அரை சுர இடைவெளியில் இரண்டும் உரசும். கண்மூடிப் படுத்திருப்பவருக்கு அது நன்றாகவே தெரியும். ஆக ஏழில் இரண்டு கிண்ணங்கள் டிரம்மோடு சேராமல் சும்மா இருக்கும். மூலாதாரத்துக்கு 'சி', சுவாதிஷ்டானத்துக்கு 'டி' என்று பிரித்துக் கொடுப்பதும் பழைய யோக நூல்களில் உள்ளதல்ல. அங்கே சக்கரங்களுக்குச் சொல்லப்படுவது லம், வம், ரம் போன்ற பீஜங்கள், அதாவது ஓரெழுத்து மந்திரங்கள். மேற்கத்திய சுரங்களைப் பொருத்தியது பின்னால் வந்த பழக்கம்.

இரண்டாவது காரணம் அந்த 432, அதாவது 'ஏ' சுரத்தை நொடிக்கு 432 அதிர்வில் வைத்துச் சுருதி சேர்த்தது. மேற்கத்திய இசையில் 'ஏ' என்ற சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பதை 1955-ல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்டது. டங் டிரம்கள் பெரும்பாலும் அந்த அளவில்தான் வருகின்றன. 432-க்கும் 440-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் 32 சென்ட் (அரை சுரத்துக்கு நூறு சென்ட்), அதாவது அரை சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கேட்க அற்பமாகத் தெரியும். நடு 'சி'யில் (பியானோவின் நடுவில் வரும் 'சி') இரண்டையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள், நொடிக்குக் கிட்டத்தட்ட ஐந்து முறை ஒலி துடிக்கும். அமைதிக்காக வாங்கிய கருவி படபடப்பைத் தரும். 432-க்குத் தனியாக நோய் தீர்க்கும் சக்தி எதுவும் கிடையாது. அந்த ஒலி பிடித்திருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் டிரம்மும் 432-ஆக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். பதில் தடுமாறினால் அவர் இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

சரி, என்ன வாங்கலாம்? முதலில் டிரம்மை வாங்குங்கள். டிரம் குறிப்பிட்ட சுருதிகளில் ஆலையில் செய்து வருவது. கையால் அடித்த வெண்கலக் கிண்ணமோ எந்தச் சுருதியில் அமைகிறதோ அதுதான். பிறகு வீட்டில் அதை மாற்ற முடியாது. கிண்ணத்தை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற டிரம்மைத் தேடுவது பெரும்பாடு. டிரம்மில் ஆறு அங்குலம் வேண்டாம், அதன் ஒலி உச்சத்தில் கிணுகிணுக்கும். பத்து அல்லது பன்னிரண்டு அங்குலம் மாடி வகுப்புக்குச் சரியாக இருக்கும். அப்புறம் டிரம்மையும், போனில் சுருதி காட்டும் ஒரு டியூனர் ஆப்பையும் எடுத்துக்கொண்டு கிண்ணக் கடைக்குப் போங்கள். டிரம்மின் ஷட்ஜத்தோடு சேர்கிற ஒரு பெரிய கிண்ணம் போதும். காசு மீதமிருந்தால் பஞ்சமத்தில் இன்னொன்று. இந்த மூன்றே பொருள் அந்தப் பெரிய செட்டைவிட நன்றாக ஒலிக்கும், செலவும் குறையும்.

ஆப்பில் பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மரக்குச்சியால் தட்டினால் கிண்ணத்தின் அடி ஒலியோடு அதைவிட உயர்ந்த இன்னோர் ஒலியும் எழும்பும். அது அடி ஒலியின் முழு எண் மடங்கு அல்ல, சுமார் 2.7, 2.8 மடங்கு. ஆப் குழம்பி ஏதோ ஒரு சுரத்தைக் காட்டும். கம்பளி சுற்றிய மெத்தென்ற குச்சியால் தட்டி, ஓரிரு நொடி விட்டு, அடங்கி நிற்கிற ஒலியை அளந்து பாருங்கள். டிரம்மோடு பத்து சென்ட் வரை விலகியிருந்தால் பரவாயில்லை. நடு 'சி' பக்கத்தில் அது நொடிக்கு ஒன்றரை அலைதான், கேட்க நன்றாகவே இருக்கும். கையால் அடித்த கிண்ணம் தனியாக ஒலிக்கும்போதே இப்படி ஓர் அலை வரும். அதன் வட்டம் முழுச் சீராக இருக்காது, அதனால் ஒன்றுக்கொன்று நெருக்கமான இரண்டு ஒலிகள் பிறக்கின்றன. எனக்கு இந்தக் கருவியில் பிடித்ததே அந்த அசைவுதான்.

வாசிக்கும்போது கிண்ணத்துக்கு முதலிடம் கொடுங்கள். அதைத் தட்டி, ஒலி பாதி அடங்கிய பிறகு டிரம்மில் இரண்டு மூன்று சுரங்கள், பிறகு இடைவெளி. டிரம்மில் தாளம் போடத் தொடங்கினால் கேட்பவர் மனம் அந்தத் தாளத்தின் பின்னால் போய்விடும்.

வாங்குவதற்கு முன் காதால் கேட்டுப் பழக வேண்டுமா? புதுச்சேரி பக்கம் போனால் ஆரோவிலில் 'ஸ்வரம்' என்ற இசைக்கருவிப் பட்டறைக்குப் போய் வாருங்கள். ஒலிக்காகவே வடிவமைத்த கருவிகளை அங்கே செய்கிறார்கள்.

கேள்வி: என் கிண்ணத்தில் தங்கம், வெள்ளி, பாதரசம் உட்பட ஏழு உலோகம் இருப்பதாகச் சொல்லிக் கூடுதல் விலை வாங்கினார்கள். உண்மையா?
- மதுரை வாசகர்

பதில்: நம்பாதீர்கள். நேபாளத்தில் கையால் அடிக்கும் நல்ல கிண்ணம் வெண்கலம். சுமார் 78 சதவீதம் செம்பு, 22 சதவீதம் வெள்ளீயம். பாதரசத்தை உருக்கும் சூட்டில் போட்டால் அது ஆவியாகி, பக்கத்தில் இருப்பவர் மூச்சில் நஞ்சாகத்தான் போகும். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி அடித்து, தண்ணீரில் அமிழ்த்தித்தான் உருவாக்க முடியும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியின் பழைய புதைகுழிகளிலும் கிடைத்த மெல்லிய பாத்திரங்கள் இதே வகை வெண்கலம். இந்தக் கைவேலைக்கே கூடுதல் விலை கொடுக்கலாம், தங்கக் கதை தேவையில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது பித்தளையை வெண்கலம் என்று விற்பதைத்தான். செம்பும் துத்தநாகமும் கலந்த வார்ப்புக் கிண்ணங்களில் சுத்தியல் தழும்பு மாதிரி பள்ளம் பதித்தும் விற்கிறார்கள். கண்ணை நம்பாமல் கிண்ணத்தை விரித்த உள்ளங்கையில் வைத்துத் தட்டுங்கள். வெண்கலம் நெடுநேரம் ஒலிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கும். ஒலியில் 'ஜிர்ர்' என்று ஓர் அதிர்வு கலந்தால் எங்கோ கீறல் விழுந்திருக்கிறது, எடுக்காதீர்கள். மந்திரம் செதுக்கிய கிண்ணம் அழகுதான், ஆனால் செதுக்கியதால் ஒலி உயராது. பில்லில் 'வெண்கலம், கைவேலை' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: இரண்டும் பொருந்தும் என்று வாட்ஸ்அப்பில் உறுதி சொன்னதை நம்பி ஆன்லைனில் ஒரு கிண்ணமும் டிரம்மும் வாங்கினேன். சேர்ந்து ஒலித்தால் காது கூசுகிறது. இசைக்கருவியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் விற்றவர்.
- திருச்சி வாசகர்

பதில்: அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், உங்கள் பலமே அதுதான். மின்வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி, விளம்பரத்திலோ பேச்சிலோ சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால், திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 'ரிட்டர்ன் இல்லை' என்று பில்லில் அச்சடித்திருப்பதால் இந்தப் பொறுப்பு போய்விடாது. கிண்ணத்தையும் டிரம்மையும் தனித்தனியே தட்டி, டியூனர் ஆப் தெரியும்படி வீடியோ எடுத்து எழுத்துமூலம் கேளுங்கள். நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் யாரும் எந்த உறுதியும் தராமல், நீங்களே இரண்டையும் தேர்ந்தெடுத்திருந்தால் வழக்கு நிற்பது கஷ்டம். அப்போது ஒரு கைவைத்தியம் உண்டு. டிரம் கிண்ணத்தைவிடச் சற்று உயர்ந்திருந்தால், நாக்கின் அடிப்பக்கம் நுனியில் சின்னக் காந்தத்தை ஒட்டுங்கள், சுருதி இறங்கும். நுனியிலிருந்து உள்ளே நகர்த்த நகர்த்த இறக்கம் குறையும். எல்லா நாக்குக்கும் செய்ய வேண்டும், பொறுமை வேண்டும். டிரம் தாழ்ந்திருந்தால் இந்த வழி உதவாது. வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் அந்தக் காந்தங்களை அவர் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். பத்து முறை சவுண்ட் ஹீலிங்குக்கு வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறது ஒரு மையத்தின் விளம்பரம். பேக்கேஜ் வாங்கலாமா?
- சேலம் வாசகி

பதில்: வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. விளம்பரத்தைப் படமெடுத்து 1915-க்குப் புகார் செய்யுங்கள்.

ஒலிக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சிங்கிங் பவுல் தியானத்துக்குப் பிறகு இறுக்கம், கோபம், களைப்பு எல்லாம் குறைந்ததாக 62 பேரிடம் பதிவானது. சும்மா படுத்து ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிடாத ஆய்வு அது. ஆகவே மனம் லேசாவதற்கு அப்பா போகலாம், மாத்திரையோடு. வலிப்பு வருகிறவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், சத்தம் தாங்காத காதுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது. கிண்ணத்தை உடம்பின் மேல் வைத்துத் தட்டுவதை இவர்கள் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: ஜூம் வகுப்பில் நான் கிண்ணத்தைத் தட்டினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் போகிறதாம், ரீங்காரம் கேட்கவில்லையாம். விலை உயர்ந்த மைக் வாங்கச் சொல்கிறார்கள்.
- சிங்கப்பூர் வாசகி

பதில்: மைக்குக்குச் செலவழிப்பதற்கு முன் செட்டிங்கைப் பாருங்கள். நீண்டு ஒரே மாதிரி ஒலிப்பதை ஃபேன் சத்தம் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடுகிறது. ஆடியோ பகுதியில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை இயக்குங்கள். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேல் மூலையில் அது ஆனில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாணவிகளை ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். போன் ஸ்பீக்கரில் பெரிய கிண்ணத்தின் அடி ஒலி சரியாக வராது.