உச்சியை வெட்டலாமா? ஊசியிலை மரங்கள்: கேள்வி-பதில்

டிசம்பரில் ஆசையாக வாங்கிய 'கிறிஸ்துமஸ் மரம்' பிப்ரவரியில் இலை பழுக்க ஆரம்பித்ததும் கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். இந்த முறை துஜா, சைப்ரஸ், ஜூனிப்பர் என்று வேறு ஊசியிலை மரங்கள் வைத்திருப்பவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கேள்வி: வீட்டு வாசலில் வைத்த கிறிஸ்துமஸ் மரம் மாடியைத் தாண்டிவிட்டது. வீட்டைவிட மரம் உயர்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்கிறார் மாமியார். உச்சியை வெட்டிவிட்டால் பக்கத்தில் அடர்ந்து வருமா? (கோவை)

வராது. வேம்பு, புங்கன் எல்லாம் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும், அந்தப் பழக்கத்தில் கேட்கிறீர்கள். உங்கள் மரம் அரக்கேரியா, நார்ஃபோக் மரம் என்றும் சொல்வார்கள். அதில் மேலே போகும் வேலை உச்சிக் குருத்துக்கு மட்டும்தான். உச்சி போய்விட்டால் பக்கக் கிளை எதுவும் நிமிர்ந்து அதன் இடத்துக்கு வராது. பக்கக் கிளையை வெட்டிப் பதியம் போட்டால்கூட அந்தக் கன்று தரையோடு படுத்துத்தான் வளரும். அதனால்தான் விதையிலிருந்தோ உச்சிக் குருத்திலிருந்தோ கன்று எடுக்கிறார்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே தண்டிலிருந்து இரண்டு மூன்று குருத்துகள் கிளம்புவது உண்டு. அவை ஒன்றோடொன்று போட்டி போட்டு வளரும், பெருங்காற்றில் பிளந்து விழவும் செய்யும். அடுக்கடுக்கான அந்த அழகும் திரும்பாது.

மாமியார் சொல்லும் ராசி பலனுக்குள் நான் போகவில்லை. ஆனால் சுவரிலிருந்து ஆறேழு அடியில் மரம் நிற்கிறது என்றால், அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவுதான் இதன் சொந்த ஊர். அங்கே 50 மீட்டருக்கு மேல் போகும். நம் ஊரில் அவ்வளவு இல்லை என்றாலும் மூன்று மாடியைச் சாதாரணமாகத் தாண்டும், பெங்களூரின் பழைய தெருக்களில் பார்த்திருப்பீர்கள். சுவரிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடத்தில்தான் இதை நட வேண்டும். இப்போதே கம்பியைத் தொடும் நிலை என்றால், தலையை மட்டும் வெட்டுவதைவிட ஆள் வைத்து மரத்தையே எடுத்துவிடுங்கள். நர்சரியில் மூன்றடிக் கன்றை விற்கும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், யாரும் சொல்வதில்லை.

கேள்வி: நேராக நட்ட கிறிஸ்துமஸ் மரம் வருடா வருடம் தெற்கே சாய்கிறது. கயிறு கட்டி இழுக்கலாமா? (செங்கல்பட்டு)

நம் நர்சரிகளில் நார்ஃபோக் மரம் என்று வாங்குவதில் பல, அதன் நெருங்கிய உறவான குக் பைன். அதே பசிபிக்கில் உள்ள நியூ கலிடோனியா தீவுகளைச் சேர்ந்தது. பூமத்திய ரேகையின் பக்கம் சாய்வது இதன் குணம் என்று 2017-இல் ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். ரேகைக்கு வடக்கே உள்ள நாடுகளில் நட்டது தெற்கே சாய்கிறது, ரேகைக்குத் தெற்கே நட்டது வடக்கே சாய்கிறது. ரேகையிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடுகிறது. நாம் ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே சாய்வு கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். எனவே, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்திருக்கிறதா, வேர் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் அது குணம் இல்லை, ஆபத்து. உடனே மரம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் கயிறு வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கேள்வி: துஜா செடி வெளியே பச்சையாக இருக்கிறது, உள்ளே எல்லாம் காய்ந்து பழுப்பாகிவிட்டது. நோயா? (சேலம்)

உள்பக்கம் மட்டும் என்றால் நோய் இல்லை. வெயில் படாத பழைய இலைகளைச் செடி தானே கழித்துவிடும். கையால் உதிர்த்து எடுத்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும்.

வெளிப்பக்கமும் சாம்பல் பூத்த மாதிரி மங்கினால் செஞ்சிலந்தி என்ற பொடிப் பூச்சியைச் சந்தேகப்படுங்கள். கிளைக்குக் கீழே வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் ஊர்ந்தால் அதுதான். சித்திரை வெயிலும் ரோட்டுப் புழுதியும் அதற்குக் கொண்டாட்டம். ஹோஸ் பைப்பால் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிச் செடியை நாலைந்து நாளுக்கு ஒருமுறை கழுவினாலே பாதி அடங்கிவிடும். அப்புறமும் இருந்தால் நனையும் கந்தகம் (தண்ணீரில் கலக்கும் கந்தகத் தூள்) அடிக்கலாம், ஆனால் வெயில் கொளுத்தும் நாளில் அடித்தால் இலை கருகும்.

கவாத்து செய்யும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கத்தரி பச்சை உள்ள பகுதியோடு நிற்க வேண்டும். காய்ந்த கட்டை வரை வெட்டினால் அந்த ஓட்டை அநேகமாக மூடவே மூடாது. துஜா, சைப்ரஸ், ஜூனிப்பர் மூன்றுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஏசி ஓடும் ஹாலில் வைத்த கிறிஸ்துமஸ் மரத்தில் கீழ்க் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. (சென்னை)

வெளிச்சம் போதவில்லை, காற்றும் வறண்டிருக்கிறது. உதிர்ந்த கிளை திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றுவோம். காலை வெயில் விழும் ஜன்னலுக்கோ பால்கனிக்கோ மாற்றுங்கள். நேரே உச்சி வெயிலில் கொண்டுபோய் வைக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் மெல்லப் பழக்குங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர், தட்டில் தேங்க விடக்கூடாது. பச்சை பெயின்ட், மினுமினுப்பு அடித்த கன்றை வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: சைப்ரஸ் வேலியில் இரண்டு மரங்கள் பெரிதாகிவிட்டன. ஒன்றில் கிளைகள் காய்ந்து பிசின் வடிகிறது. வெட்டிவிடலாமா? (கோத்தகிரி)

பிசின் வடிந்து கிளை காய்வது சைப்ரஸைத் தாக்கும் சொறி நோயாக இருக்கலாம். பூஞ்சணத்தால் வருவது, மருந்தடித்துக் குணமாக்க முடியாது. காய்ந்த கிளையை அடியோடு வெட்டி எரித்துவிட்டு, கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

முழு மரத்தையும் வெட்டுவது வேறு விஷயம். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அது அமலில் உள்ள இடங்களில் சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்க வேண்டும். ஆடிக் காற்றுக்குள் முடிக்க நினைத்தால் இப்போதே மனுப் போடுங்கள்.

கேள்வி: ஜூனிப்பர் போன்சாய் பரிசாக வந்தது. படிக்கும் மேசையில் வைக்கலாமா? (மதுரை)

கூடாது. அதற்கு வெளியிடம் வேண்டும். வீட்டுக்குள் செத்துப்போன பிறகும் சில வாரங்கள் பச்சையாகவே நிற்கும், நீங்களும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பீர்கள். அதோடு மதுரை வெயில் அதற்குக் கடினம், மதியம் நிழல் கொடுங்கள்.

கேள்வி: ஈசிஆரில் மனை. உப்புக் காற்றைத் தாங்கும் ஊசியிலை மரம் எது? சவுக்கு போதுமா? (சென்னை)

காற்றைத் தடுக்க சவுக்கையே வையுங்கள். அது ஊசியிலை மரம் இல்லை, பூக்கும் இனம். ஊசி போலத் தெரிவது மெல்லிய பச்சைக் கிளைதான். ஆனால் கடற்கரை மணலில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அழகுக்கு ஒன்று வேண்டுமென்றால் நார்ஃபோக் மரம் உப்புக் காற்றைத் தாங்கும், இடம் தாராளமாக இருந்தால் மட்டும்.

கேள்வி: நம் மண்ணுக்கே உரிய ஊசியிலை மரம் எதுவும் இல்லையா? (திருநெல்வேலி)

தென்னிந்தியக் காடுகளில் இயல்பாக வளரும் கோனிஃபர் (ஊசியிலை இனம்) ஒன்றே ஒன்றுதான், நாகேயா வாலிசியானா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் நிற்கிறது. இலை ஊசியாக இல்லாமல் அகலமாக இருப்பதால், பார்த்தால் இந்தக் குடும்பம் என்றே தெரியாது. சமவெளி வெயிலுக்கு ஒத்துவராது. குளிர்ந்த மலையடிவாரமும் ஈரமும் நிழலும் இருந்தால் முயலலாம். நாட்டுமரக் கன்று வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காட்டிலிருந்து பிடுங்கி வர வேண்டாம்.