பார்சலும் வந்தது, வரி பில்லும் வந்தது
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெளிநாட்டு இணையக் கடையில் 100 டாலருக்கு ஒரு ஜாக்கெட் வாங்கினேன். சுங்கவரி 10 சதவீதம் என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போட்டேன். கூரியர்காரர் 50 டாலர் கேட்கிறார். ஏமாற்றுகிறார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நீங்கள் பார்த்தது ஒரு வரியை மட்டும். பில்லில் மூன்று சங்கதிகள் இருக்கும்: சுங்கவரி, உள்நாட்டு விற்பனைவரி (வாட் அல்லது ஜிஎஸ்டி), கூரியர் நிறுவனத்தின் சொந்தக் கட்டணம்.

முதலில் அடிப்படைத் தொகை. பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின் மேல்தான் பெரும்பாலான நாடுகள் சுங்கவரி போடுகின்றன. (அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றும் சர்வதேசச் சரக்குக் கட்டணத்தைச் சுங்கவரிக் கணக்கில் சேர்ப்பதில்லை.) அனுப்பும் செலவு 20 டாலர் என்று கொள்வோம். 120-க்கு 10 சதவீதம், 12 டாலர். அடுத்து வருகிற விற்பனைவரி, சுங்கவரியும் சேர்ந்த தொகையின் மேல் விழும். விகிதம் 20 சதவீதமானால் 132-க்கு 26.40. ஆக, அரசுக்குப் போவது 38.40. வரிக்கு மேல் வரி என்று எரிச்சல் வரும்தான். ஆனால் கணக்கு அப்படித்தான்.

மீதி 11.60 கூரியருடையது. உங்கள் சார்பில் வரியை முன்பணமாகக் கட்டிச் சரக்கை வெளியே எடுத்ததற்கான கூலி அது. கட்டிய வரியில் குறிப்பிட்ட சதவீதம் அல்லது ஒரு குறைந்தபட்சத் தொகை, இரண்டில் எது அதிகமோ அதை வாங்குவது வழக்கம். அதனால்தான் சின்னப் பார்சலில் இந்தக் கூலி சில சமயம் வரியையே மிஞ்சிவிடுகிறது. பில்லைப் பிரித்துக் கேளுங்கள். வரி தவறென்றால் முறையிட வேண்டியது சுங்கத்துறையிடம், கூலி தவறென்றால் கூரியரிடம். இரண்டையும் குழப்பிக்கொண்டு நடையாய் நடப்பவர்கள் அதிகம்.

கேள்வி: விற்பவரிடம் சொல்லி 'கிஃப்ட்' என்று எழுதி, விலையையும் குறைத்துப் போடச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். பரிசுச் சலுகை உள்ள நாடுகளிலும் அது ஒரு தனிமனிதர் இன்னொருவருக்கு இலவசமாக அனுப்புவதற்குத்தான். பணம் கொடுத்து வாங்கியது பரிசாகாது. அஞ்சல் பார்சலில் ஒட்டும் சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவத்தில் பரிசு, விற்பனைப் பொருள், திருப்பி அனுப்பும் பொருள் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. தவறான கட்டத்தில் டிக் அடிப்பது பொய் அறிவிப்புதான்.

விலையைக் குறைத்துப் போட்டால் சந்தேகப்படும் அதிகாரி பணம் கட்டிய ஆதாரம் கேட்பார், அல்லது அதே பொருளின் விலையைக் கடையின் தளத்திலேயே பார்த்துவிடுவார். பிறகு பார்சல் நிற்கும், அபராதம் வரும், கிடங்கு வாடகை நாள்கணக்கில் ஏறும். இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை: 100 டாலர் பொருளை 15 என்று எழுதி அது வழியில் தொலைந்தால், இழப்பீடும் 15-ஐ ஒட்டித்தான் கிடைக்கும்.

நியாயமான தள்ளுபடி வேறு விஷயம். சுங்க மதிப்பு என்பது உண்மையில் கொடுத்த விலை. கூப்பன் கழித்த விலையே போதும், ஆனால் அந்தக் கழிவு இன்வாய்ஸில் தெரிய வேண்டும்.

கேள்வி: ஒரே மாதிரி இரண்டு சட்டை, இரண்டு பார்சல். வரி வேறு வேறாக வந்தது. எப்படி?

பதில்: பொருளை வகைப்படுத்தும் எச்.எஸ். கோடு வேறாக இருந்திருக்கும். உலகச் சுங்க அமைப்பு வகுத்த இந்த எண்ணில் முதல் 6 இலக்கங்கள் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். பின்னலாடை 61-ஆம் அத்தியாயம், தறியில் நெய்த துணியில் தைத்த ஆடை 62. பருத்தியா பாலியஸ்டரா என்பதும் எண்ணை மாற்றும். இன்வாய்ஸில் வெறுமனே 'துணி' என்று இருந்தால் வகைப்படுத்துபவர் ஊகித்துத்தான் ஒரு எண் போடுவார். 'ஆண்கள் சட்டை, 100 சதவீதம் பருத்தி, நெய்தது' என்று எழுதும்படி விற்பவரிடம் கேளுங்கள். பொருள் தயாரான நாட்டையும் பாருங்கள். எங்கிருந்து அனுப்பினார்கள் என்பதல்ல, எங்கே உற்பத்தியானது என்பதுதான் விகிதத்தைத் தீர்மானிக்கிறது.

கேள்வி: முன்பெல்லாம் சின்னப் பொருட்களுக்கு வரியே வராது. இப்போது ஏன்?

பதில்: விலக்கு வரம்புகளைப் பல நாடுகள் எடுத்துவருகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான வாட் விலக்கை 2021 ஜூலை 1-இல் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் நிறுத்தியது. வரம்பு இருக்கிற இடத்திலும், அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, பெரும்பாலும் முழுத் தொகைக்கும் வரி.

கேள்வி: ஆர்டர் போடும்போதே வரி கட்டிவிட்டேன். மறுபடியும் கேட்கிறார்கள்.

பதில்: ஆர்டரில் 'டிடிபி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வரி விற்பவர் பொறுப்பு. 'டிஏபி' என்றால் உங்கள் பொறுப்பு. ஐரோப்பாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: விற்பவர் வாட் வசூலித்துவிட்டுத் தன் ஐஓஎஸ்எஸ் பதிவு எண்ணை (இறக்குமதிப் பொருளுக்கு வாட்டை விற்கும்போதே வசூலித்துக் கட்டும் ஏற்பாட்டின் எண்) மின்னணுத் தகவலில் அனுப்பாமல் விட்டிருப்பார். எண் இல்லையென்றால் சுங்கத்துக்கு அது வரி கட்டாத பார்சல். வாட் தொகை தெரியும் இன்வாய்ஸைக் கூரியருக்கு உடனே அனுப்புங்கள். அதற்குள் கட்டியாகிவிட்டால், அந்த ரசீதைக் காட்டி விற்பவரிடமே வாட்டைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: அளவு சரியில்லை, திருப்பி அனுப்புகிறேன். கட்டிய வரி திரும்ப வருமா?

பதில்: கடை பணத்தைத் தந்தாலும் வரி தானாக வராது. பல நாடுகளில் தனியாக விண்ணப்பிக்கலாம்; காலக்கெடு உண்டு. வரி ரசீது, முதல் இன்வாய்ஸ், பொருள் நாட்டைவிட்டு வெளியே போனதற்கான அத்தாட்சி, கடை பணம் திருப்பிய சான்று ஆகியவை கையில் வேண்டும். அத்தாட்சி வாங்காமல் அனுப்பிவிட்டுப் பின்னால் தேடுவதில்தான் பல விண்ணப்பங்கள் சிக்குகின்றன. பார்சலில் ஒட்டும் சுங்க அறிவிப்புப் படிவத்தில் 'திருப்பி அனுப்பும் பொருள்' கட்டத்தில் டிக் அடியுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துச் சுங்கம் கடைக்காரரிடம் வரி கேட்கும். அவர் பார்சலை வாங்க மறுப்பார்.

கேள்வி: 'சுங்கவரி பாக்கி, இந்த லிங்கில் கட்டவும்' என்று எஸ்எம்எஸ் வந்தது. கட்டலாமா?

பதில்: லிங்கைத் தொடாதீர்கள். ஆர்டர் உறுதியான மின்னஞ்சலில் உள்ள டிராக்கிங் எண்ணை, கூரியர் அல்லது அஞ்சல் துறையின் தளத்தை நீங்களே திறந்து அதில் போட்டுப் பாருங்கள். பாக்கி இருந்தால் அங்கேயே காட்டும்.